யாழ்ப்பாணமும் தீவுகளும்: ஏழு நாள் பயணத்துக்கு ஒரு திட்டம்



சில வருடங்களுக்கு முன் பாடசாலை விடுமுறையொன்றில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் வந்தோம். நான், மனைவி, பிள்ளைகள் மூவர், என் உம்மா என ஆறு பேர். செலவைக் குறைக்க எண்ணி அடுப்பு, சட்டி பானை, அரிசி, பருப்பு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக் கொண்டோம். தங்குவதற்கு ஒரு வீட்டையும் வாடகைக்கு எடுத்தோம். திரும்பி வந்த அன்றிரவு உடுப்புப் பைகளை அவிழ்த்துக் கொண்டிருந்த மனைவியிடம், "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்திச்சி. யாழ்ப்பாணத்து அடுப்பும் நம்மட ஊட்டு அடுப்பு மாதிரித்தான் எரியுது" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. யோசித்துப் பார்த்தேன். நாங்கள் கோட்டையைச் சுற்றிய நேரத்தில் அவர் மீன் வெட்டிக் கொண்டிருந்தார். நாங்கள் நெடுந்தீவுக்குப் படகேறிய நாளில், முழங்கால் வலியால் வர முடியாத உம்மாவுக்குத் துணையாக அவர் வீட்டில் நின்றார். பயணம் போனது நாங்கள். அவருக்குக் கிடைத்தது இடம் மாறிய அடுப்படிதான்.

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு முசாபிருடைய சட்டங்களைப் பல வருடங்களாகப் படித்துக் கொடுக்கிறேன். பயணத்தில் அல்லாஹ்வுக்குரிய ஹக்கை வரி வரியாக விளக்கத் தெரிந்த எனக்கு, உடன் வருகின்றவரின் ஹக்கு அதுவரை உறைக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒரு மாலைக்காகத் தங்கிய படை

நாயகி ஆயிஷா (ரலி) அவர்களின் மாலை தொலைந்த சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நபி (ஸல்) அவர்களோடு சென்ற பயணமொன்றில் அம்மாலை அறுந்து விழுந்துவிட்டது. அதைத் தேடுவதற்காக நபியவர்கள் அவ்விடத்திலேயே தங்கினார்கள். மக்களும் உடன் தங்கினார்கள். அது தண்ணீர் இல்லாத இடம். மக்களின் கையிலும் தண்ணீர் இல்லை. அபூபக்கர் (ரலி) அவர்கள் வந்து மகளைக் கண்டித்தார்கள். ஆனால், நபியவர்கள் கோபித்ததாக அறிவிப்பில் இல்லை. மனைவியின் மடியில் தலை வைத்து உறங்கிக் கொண்டிருந்தார்கள். விடிந்தபோது தயம்முமுடைய ஆயத் இறங்கியது. ஒட்டகத்தை எழுப்பினார்கள், மாலை அதன் கீழே கிடந்தது.

தயம்முமின் சட்டத்தைச் சொல்ல நாம் இச்சம்பவத்தை எடுத்துக் கொள்கிறோம். அதற்குள் இருக்கும் இன்னொரு பாடத்தை விட்டுவிடுகிறோம். ஒரு பெண்ணின் சிறிய பொருளுக்காக ஒரு படையே பயணத்தை நிறுத்தியது. இன்னொரு பயணத்தில் நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களைப் பாடி விரைவாக ஓட்டிய அன்ஜஷா என்பவரை, கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வது போல மெதுவாக ஓட்டும்படி பணித்தார்கள்.

ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது நான்கு ஹக்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். அல்லாஹ்வின் ஹக்கு, கூட வரும் பெண்களின் ஹக்கு, உயிரின் ஹக்கு, நாம் போய் இறங்கும் ஊர் மக்களின் ஹக்கு என்பனவே அவை. யாழ்ப்பாணப் பட்டினத்தையும் அதன் தீவுகளையும் முன்வைத்து இவற்றைப் பார்ப்போம்.

எப்போது போவது?

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், படகுச் சேவை எந்நேரமும் நிறுத்தப்படலாம். மே மாதத்திலிருந்து சோளகக் காற்று பலமாக வீசும். மழை இல்லாவிட்டாலும் நெடுந்தீவுக் கடலில் அலை இருக்கும். வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்குப் பெப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை பொருத்தமான காலம். ஏப்ரலில் வெயில் கடுமை என்பதையும் நினைவில் வையுங்கள். நல்லூர்த் திருவிழா நடைபெறும் ஆடி, ஆவணி நாட்களில் நகரம் நிறைந்திருக்கும். விடுதி கிடைப்பது சிரமம். நயினாதீவுக் கோயில் திருவிழா நாட்களில் படகுகளில் கூட்டம் நெருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்படும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஸுப்ஹுடைய நேரம் வந்த பின், ஜும்ஆ கடமையான ஒருவர் வழியிலும் ஜும்ஆ கிடைக்காதவாறு பயணம் புறப்படக் கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஆகவே சனிக்கிழமை புறப்படுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் நிம்மதியாக உறங்கி எழுந்து போவது பெண்களுக்கும் நல்லது.

நாட்களை எண்ணுங்கள்

ஏழு நாள் பயணத்தில் தொழுகை எப்படி என்று கேட்டால், எத்தனை நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நாம் திருப்பிக் கேட்போம்.

பயண தூரம் இரண்டு மர்ஹலா இருக்க வேண்டும். அது எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர், ஐயமே இல்லை. ஊரின் எல்லையைக் கடந்ததும் நீங்கள் முசாபிர். நான்கு றக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஸுப்ஹையும் மஃரிபையும் சுருக்க முடியாது.

ஆனால், போகின்ற ஊரில், போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி முழுமையாக நான்கு நாட்கள் தங்குவதென்று நிய்யத் வைத்தால், அங்கு போய்ச் சேர்ந்தவுடனே பயணி என்ற நிலை முடிந்துவிடும். பிறகு ஊரில் இருப்பவரைப் போல முழுமையாக, அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள் அறை எடுத்துவிட்டு நாள் முழுவதும் ஜம்உ, கஸ்ர் செய்வோரை நான் கண்டிருக்கிறேன். அங்கிருந்து தீவுக்குப் போய் வருவதும் அந்தத் தூரத்தை எட்டாது என்பதால், தீவுப் பயணத்தைக் காரணம் காட்டியும் சுருக்க முடியாது.

ஆகவேதான் கீழே வரும் திட்டத்தில் யாழ்ப்பாணத்துக்கு மூன்று முழு நாட்களும், அதன்பின் மன்னார்த் தீவுக்கு ஒரு முழு நாளும் வைத்திருக்கிறேன். பயணம் முழுவதும் நீங்கள் முசாபிராகவே இருப்பீர்கள். தீவிலும் படகிலும் பிள்ளைகளோடு அல்லலுறும் நாட்களில் அந்தச் சலுகை கை கொடுக்கும்.

முற்படுத்திச் சேர்ப்பதானால் முதல் தொழுகையை முதலில் தொழ வேண்டும். அதை முடிப்பதற்குள் சேர்க்கும் நிய்யத் வர வேண்டும். இரண்டுக்குமிடையில் நீண்ட இடைவெளி கூடாது. பிற்படுத்துவதானால் முதல் தொழுகையின் நேரம் முடியும் முன்பே அந்த நிய்யத் வேண்டும். சுருக்கித் தொழுபவர் தக்பீர் கட்டும்போதே அதை நிய்யத் வைக்க வேண்டும். பள்ளிவாசலில் முழுமையாகத் தொழுவிக்கும் இமாமைப் பின்பற்றினால் நீங்களும் முழுமையாகவே தொழ வேண்டும்.

மாதவிடாய் நாட்கள் பயணத்தில் வருமானால், சுற்றுலாவுக்காக மாத்திரை விழுங்கி உடம்பை வருத்த வேண்டியதில்லை. தொழுகை இல்லை என்பதைத் தவிர பயணத்தில் வேறெதுவும் குறையாது. தேவையான பொருட்களை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். தீவுகளில் கடைகள் குறைவு. அஸருடைய நேரத்தில் சுத்தமானால் அன்றைய ளுஹரும் சேர்ந்து கடமையாகிறது என்பது நமது மத்ஹபு. குளிப்பதற்கு வசதியுள்ள விடுதியா என்பதை முன்கூட்டியே விசாரிப்பது இதற்காகவும்தான்.

சனி: வழிப் பயணம்

கொழும்பிலிருந்து வேனில் போவோர் குருநாகல், தம்புள்ளை ஊடாகவோ, புத்தளம், அனுராதபுரம் ஊடாகவோ சென்று ஏ9 வீதியில் ஏறலாம். கெக்கிராவை, அனுராதபுரம், வவுனியா ஆகிய இடங்களில் பள்ளிவாசல்கள் உண்டு. புறப்படும் முன்பே தொலைபேசியில் அழைத்து, பெண்கள் தொழுவதற்கும் வுழூச் செய்வதற்கும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்கள் உள்ளே தொழ, பெண்கள் வேனுக்குள் வியர்த்துக் கொண்டு காத்திருக்கும் காட்சி இனியும் வேண்டாம்.

புகையிரதத்தில் போவது பிள்ளைகளுக்குக் குதூகலம். யுத்தத்தால் 1990 இல் நின்றுபோன யாழ்தேவி, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. அதன் பின்னரும் திருத்த வேலைகளால் வடபகுதிச் சேவை இடைநிறுத்தப்பட்டதுண்டு. ஆகவே ஆசனம் பதியும் முன் நிலையத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும், கூட வரும் பெண்ணுக்கு மஹ்ரமான ஒருவர் இருப்பதை உறுதி செய்யுங்கள்.

ஞாயிறு: பட்டினமும் சோனகத் தெருவும்

முதல் முழு நாளை நகரத்துக்குக் கொடுங்கள். பண்ணைக் கடலோரத்தில் ஐங்கோண வடிவில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை இருக்கிறது. அதற்கு அண்மையில் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 இல் அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. இன்று மீண்டும் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கிறது. பிள்ளைகளை அதன் வாசலில் நிறுத்தி, ஒரு சமூகத்தின் நூல்களை எரிப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பின்னர் ஐந்து சந்திக்கும் சோனகத் தெருவுக்கும் போங்கள். இதைப் பயணத்தின் ஓர் ஓரமாக வைக்க வேண்டாம், நடுவில் வையுங்கள். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். கட்டிய வீடும், நடத்திய கடையும், அடுப்பில் கொதித்த சோறும் அப்படியே கிடக்க, உடுத்த உடையோடு நடந்தார்கள். அந்த ஒக்டோபரில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். பலர் புத்தளம் பகுதியில் ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். இக்கட்டுரையை வாசிக்கும் சிலருடைய உம்மாமாரும் அவர்களில் இருக்கலாம்.

யுத்தம் முடிந்த 2009 இன் பின்னர் ஒரு சிலர் மீளக் குடியேறியிருக்கிறார்கள். பள்ளிவாசல்களில் மீண்டும் பாங்கு ஒலிக்கிறது. ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜா மகளிர் கல்லூரியும் அப்பகுதியில் இருக்கின்றன. ஆனாலும் பாழடைந்த சுவர்களையும் அங்கு காண்பீர்கள். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமும், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவருமான அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். ஒரு காலத்தில் இவ்வூரில் இரு சமூகமும் எப்படிப் பின்னிப் பிணைந்து வாழ்ந்தன என்பதற்கு அவரே சாட்சி.

இங்கு வரும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். இடிந்த வீடுகளைப் படம் பிடித்துக் கொண்டு போவதோடு நிறுத்தாமல், மீளக் குடியேறிய ஒரு குடும்பத்துக்கு ஸலாம் சொல்லி, அவர்களின் கடையில் ஏதாவது வாங்குங்கள். அடுத்தது, பழைய காயத்தைப் பிள்ளைகளின் மனதில் வெறுப்பாக விதைத்துவிடாதீர்கள். வெளியேற்றியது ஆயுதம் தாங்கியோரின் கட்டளை. பக்கத்து வீட்டில் நின்று கண்ணீர் விட்டு அழுத தமிழ்ப் பெண்களைப் பற்றியும் அந்த முதியவர்கள் சொல்லுகிறார்கள்.

திங்கள்: நயினாதீவு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான் துறைக்குப் போக வேண்டும். கடலுக்கு நடுவே போட்ட தாம்போதியில் இருமருங்கும் நீர் பளபளக்க வாகனம் போகும் அழகே தனி. துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி, இருபது நிமிடம் பிடிக்கும்.

சிறிய தீவு அது. நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் அங்குள்ளன. நாளாந்தம் இரு சமயத்து யாத்திரிகர்களும் வருகிறார்கள். முஸ்லிம்களும் அத்தீவில் வாழ்ந்தார்கள், பள்ளிவாசலும் உண்டு. வணக்கத் தலங்களுக்கு அருகால் போகும்போது அடக்கமாக நடப்போம். பிறருடைய வணக்கத்தில் நாம் பங்கெடுப்பதில்லை. ஆனால் அவர்களின் மனம் நோகும் பேச்சோ சிரிப்போ நம் பிள்ளைகளிடமிருந்து வரக் கூடாது. மாட்டிறைச்சிப் பொதியைக் கொண்டு போய் அங்கு அவிழ்க்கவும் வேண்டாம். இதுவும் அயலவரின் ஹக்குத்தான்.

குறுகிய படகோட்டம் என்பதால் உம்மா, மாமி போன்ற வயதானவர்களும் இந்தத் தீவைப் பார்க்கலாம். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் இருவர் கைபிடித்து உதவ வேண்டும்.

செவ்வாய்: நெடுந்தீவு

இதற்கும் குறிகட்டுவானிலிருந்துதான் படகு. ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். நாளொன்றுக்குச் சில படகுகளே ஓடுவதால், முந்திய நாள் நயினாதீவுக்குப் போகும்போதே நேரங்களைத் துறையில் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். திரும்பி வரும் கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான்.

சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், முருகைக் கல்லாலான கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, ஐரோப்பியர் காலத்திலிருந்து பரம்பரையாக மேய்ந்து திரியும் குதிரைகள், பல பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பெருக்க மரம் ஆகியன பார்க்க வேண்டியவை. ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை அரபு வணிகர்கள் கொண்டு வந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தீவைச் சுற்ற முச்சக்கர வண்டியோ சிறு வாகனமோ பேசிக் கொள்ளலாம். வெயிலில் நடந்து பார்க்கும் இடமல்ல.

அங்கு நன்னீர் அரிது. குடிநீரை நிறையக் கொண்டு போங்கள். "அப்படியானால் வுழூவுக்கு?" என்று சகோதரிகள் கேட்கிறார்கள். கடல் நீரால் வுழூச் செய்யலாம். கடலில் பயணித்த ஸஹாபாக்கள், குடிப்பதற்கு மட்டுமே நீர் வைத்திருந்த நிலையில் இதே கேள்வியைக் கேட்டபோது நபியவர்கள் அனுமதித்தார்கள். உப்புக் கரிக்கிறதே என்று தயங்க வேண்டாம். சுற்றிக் கடல் இருக்கும்போது தயம்முமுக்கு இடமில்லை. முஸல்லா ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்குச் சாய்வு. தீவிலேயே ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டால், மாலைப் படகில் மனம் அமைதியாக இருக்கும்.

உயிரின் ஹக்கு

2021 நவம்பர் 23 ஆம் திகதியை நாம் மறந்துவிடலாகாது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய இழுவைப் படகு காலை வேளையில் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அது பெருங்கடலல்ல, கரை கண்ணுக்குத் தெரியும் களப்பு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபியவர்கள் கற்றுத் தந்ததைப் பயான்களில் கேட்கிறோம். படகுத் துறையில் அதன் கருத்து என்ன? உயிர்காப்பு அங்கியை அணியாமல் ஏறக் கூடாது என்பதே. பிள்ளைக்குப் பிள்ளையின் அளவிலான அங்கி வேண்டும். அபாயாவின் மேலே அணிய வெட்கப்பட வேண்டியதில்லை. அங்கிக்கு மேலே ஷோல் ஒன்றைப் போட்டுக் கொள்ளலாம். படகில் ஆட்கள் நிரம்பி வழிந்தால், "அடுத்த படகில் வருகிறோம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கணவன் அவசரப்பட்டாலும் நீங்கள் நில்லுங்கள். மூடிய கீழ்த்தளத்தைவிட வாயிலுக்கு அருகில் அமர்வது நல்லது. தரையில் தடக்கும் நீளமான ஆடையைச் சற்று உயர்த்திக் கட்டி, உள்ளே காற்சட்டை அணியுங்கள். வழுக்காத பாதணியும் போடுங்கள். குமட்டல் வருவோர் மாத்திரையை முன்கூட்டியே எடுக்கட்டும்.

பெண்களின் ஹக்கு

இனி நான் பட்ட பாடத்துக்கு வருகிறேன். புறப்படுவதற்கு இரு வாரம் முன்பு, குடும்பத்தோடு ஒரு மஷூரா செய்யுங்கள். ஒரு கொப்பியை எடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

முதலாவது, சமையல் யார்? என் ஆலோசனை, சட்டி பானையை வீட்டில் விடுங்கள். காலையுணவு விடுதியில், பகலுக்கு ஐந்து சந்திப் பக்கமுள்ள முஸ்லிம் கடைகளில் காலையிலேயே சோற்றுப் பொதி சொல்லி வாங்கிக் கொள்ளலாம், இரவுக்கும் அங்கேயே சாப்பிடலாம். தீவில் கிடைக்காவிட்டாலும் ஈச்சம்பழம், பிஸ்கட், அவித்த முட்டை போதும். கடைச் சாப்பாட்டுக்கு ஏழு நாளும் கட்டுப்படியாகாது என்றால் நாட்களைக் குறையுங்கள். பெண்ணின் ஓய்வைக் குறைக்காதீர்கள். வட்டிக்கோ நகையை அடகு வைத்தோ சுற்றுலா போவது நமக்கு ஆகுமானதல்ல.

இரண்டாவது, குழந்தையும் வயதானவரும் யார் பொறுப்பு? ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். அதில் வாப்பாவின் பெயரும், வளர்ந்த மகனின் பெயரும் இருக்கட்டும். நபியவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். அது பயணத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது, அவர் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்? வீட்டில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறோம்? கேட்டால், "எனக்கென்ன, நீங்க போற இடத்துக்கு நானும் வாறன்" என்பார்கள். அதோடு விட்டுவிடாமல் திரும்பவும் கேளுங்கள். சகோதரிகளே, நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். பனங்கட்டியும் பனாட்டும், பனையோலைக் கைப்பணியும் வாங்கச் சந்தைக்குப் போக ஆசையா? கடற்கரையில் ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் இருக்க ஆசையா? அதுவும் திட்டத்தில் ஒரு வரியாக வரட்டும்.

புதன் முதல் வெள்ளி வரை: மன்னார்த் தீவு

புதன் காலை யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படுங்கள். 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி ஊடாக மன்னாரை அடையலாம். இத்தீவுக்குப் படகு தேவையில்லை, பாலம் உண்டு. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டை, பள்ளிமுனையின் பெருக்க மரம், தெருவெங்கும் திரியும் கழுதைகள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எருக்கலம்பிட்டி போன்ற பழமையான முஸ்லிம் ஊர்களின் மக்களும் 1990 இல் வெளியேற்றப்பட்டவர்களே. மீளக் குடியேறியோரை அங்கும் சந்திக்கலாம்.

வியாழக்கிழமை தலைமன்னார் இறங்குதுறைக்குப் போங்கள். 1914 இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் சேவை தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்பு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1984 உடன் நின்றது. தென்னிந்திய மத்ரஸாக்களில் ஓதச் சென்ற நம் உஸ்தாத்மார் பலர், ஒரு பெட்டியும் கிதாபுகளுமாக இத்துறையில்தான் கப்பலேறினார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு, கடிதம் வரும்வரை காத்திருந்த உம்மாமாரை நினைத்துப் பாருங்கள்.

வெள்ளியன்று மன்னாரில் ஜும்ஆவை முடித்துக் கொண்டு புறப்பட்டால், மதவாச்சி ஊடாக இரவு வீடு சேரலாம். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை எனினும், கிடைக்கும் ஜும்ஆவை ஏன் விட வேண்டும்? தேவை முடிந்ததும் வீட்டுக்கு விரைந்து திரும்புவது ஸுன்னத்தான ஒழுங்கு.

புறப்படும் முன் கடன்களையும் அமானிதங்களையும் எழுதி வைப்பது, அயல் வீட்டாரிடம் சொல்வது, காஸ் சிலிண்டரைப் பூட்டுவது, அடையாள அட்டையும் மருந்துகளும் எடுப்பது, பயண துஆவைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது ஆகியவற்றையும் அந்தக் கொப்பியில் சேருங்கள்.

மீண்டும் நெடுந்தீவில்

முதல் பயணத்துக்கு இரண்டு வருடங்களின் பின் நாங்கள் மறுபடி போனோம். இம்முறை அடுப்பு வரவில்லை. நெடுந்தீவு நாளில் உம்மாவோடு நான் விடுதியில் நின்றேன். மனைவியும் பிள்ளைகளும் மனைவியின் நானாவோடு படகேறினார்கள். மாலையில் முகமெல்லாம் வெயில் பட்டுச் சிவந்து, செருப்பில் மணலோடு வந்து சேர்ந்தார். குதிரைக் குட்டி ஒன்று தாயின் பின்னால் ஓடியதை உம்மாவுக்குச் சொல்லிக் கொண்டே இருந்தார். நான் அன்று பகல் கடையில் வாங்கி வந்த சோற்றைப் பரிமாறினேன். உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நெடுந்தீவை நான் அப்பயணத்தில் பார்க்கவில்லை. அது எனக்குக் குறையாகவும் தோன்றவில்லை.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை ஸலாமத்தானவையாக ஆக்கி, கூட வருவோரின் ஹக்குகளைப் பேணும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஊரிழந்தோர் யாவரும் தத்தம் மண்ணில் நிம்மதியாக வாழ வழி செய்வானாக! ஆமீன்.